நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கப் பிள்ளை

புதுச்சேரியில் அரங்கப்பிள்ளை வீதி என்றொரு வீதி உண்டு. அவ்வீதியிலே, பெரிய கடைத்தெருவை அடுத்து, பழமையான மாளிகை ஒன்று இன்றும் நிற்கின்றது. நம் நாட்டு மரத்தூண்களும் பிரெஞ்சுப் பாணியில் அமைந்த சுண்ணத்தூண்களும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்து காணப்படும் அம்மனை, ஆனந்தரங்கப் பிள்ளை வாழ்ந்த மனையாகும். அவர் கண்மூடிய அதே திங்களில் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றினர். பின்னர்க் கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். கவர்னர்களின் மாளிகை போயிற்று. கவர்னர்களுக்கு மொழிபெயர்ப்பாளராய் நின்றவருடைய மனை தப்பிற்று. அவர் எழுதி வைத்த கையெழுத்துப் புத்தகங்களும் தப்பின.

அன்னார் அரசரல்லர், புலவரல்லர், படைத்தலைவருமல்லர். வணிகர், துபாஷ் வேலை பார்த்தவர். அவரை நாம் இன்றும் பேசுவதற்குக் காரணம் ஒன்றே. 1736 முதல் 1761 வரை ஏறத்தாழ இருபத்தைந்தாண்டுக் காலம், தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதி வந்தார். இடையிடையே விடுபட்ட நாட்கள் உண்டு. ஆயினும் எழுதும் பழக்கத்தை அவர் கைவிட்டாரில்லை.

மலர்க்குழுவினர் இவ்வாண்டு எளியேனிடம் ஒரு பெரியாரின் வரலாறு கேட்டபோது, அரசியல் தலைவர் எவரையேனும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலங்கழிப்பவன் யான். பதிவேட்டின் அருமை பதிவேடு இல்லாதபோதுதான் தெரியும். 2005 ஜூலை 26-ஆம் நாள் பெய்த பெருமழையில் மித்தி ஆற்று நீர் நம் தெருக்களுக்குள் புகுந்ததை நம் குடும்பங்களில் மறந்தவர் யாருளர்? அன்று எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியும் நீரில் மூழ்கியது. தந்தையார் முப்பதாண்டுகளாக எழுதி வைத்திருந்த குறிப்புப் புத்தகம், பாட்டனாரின் சம்பளச் சீட்டுகள், பிறப்புச் சான்றுகள் யாவும் கூழாயின. 2024-ஆம் ஆண்டில் தாராவியில் வீடுவீடாகக் கணக்கெடுப்புத் தொடங்கி, 2000 ஜனவரி 1-ஆம் நாளுக்கு முன்னரே இங்கு வாழ்ந்தமைக்குச் சான்று கேட்கப்பட்டபோது, அந்தப் பெட்டியை எத்தனை முறை நினைத்தேன் என்பதை யானே அறிவேன். ஆனந்தரங்கரை நான் நாடியதன் காரணம் இதுவே.

அவர் 1709-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள், சனிக்கிழமை, சென்னையைச் சேர்ந்த பெரம்பூரில் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை, வணிகர். திருவேங்கடம் பிள்ளையின் மைத்துனர் நயினியப்பப் பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் தலைமைத் தரகராய் உயர்ந்திருந்தார். அவர் அழைப்பின் பேரில் திருவேங்கடம் பிள்ளை குடும்பம் புதுவைக்குக் குடியேறியது. பிழைப்பு நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பந்தான் அதுவும். மாமன் அழைத்தான், மைத்துனன் வந்தான் என்பது நம் குடியேற்றங்கள் அனைத்திற்கும் பொதுவான முதல் வரியன்றோ?

ஆனால் வந்த இடத்தில் நிழல் நீடிக்கவில்லை. 1716-ஆம் ஆண்டில் நயினியப்பர் சிறைப்பட்டார். மக்களைக் கலகத்துக்குத் தூண்டினார், பதவியைக் கொண்டு கொடுமை செய்தார் என்பன அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள். கவர்னர் எபேர் என்பவரும் ஏசு சபைக் குருமாரும் அவருக்கு எதிராய் நின்றனர். கடைத்தெருவில் ஐம்பது சவுக்கடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தண்டம் எனத் தீர்ப்பாயிற்று, உடைமைகள் பறிக்கப்பட்டன. திருவேங்கடம் பிள்ளையும் அவ்வழக்கில் சிக்கிச் சிறைப்பட்டார். 1717-இல் நயினியப்பர் சிறையிலேயே மாண்டார்.

அவ்வழக்கில் ஒரு செய்தி ஊன்றி நோக்கத்தக்கது. சாட்சிகள் தமிழில் கூறினர். அது போர்த்துக்கீசிய மொழிக்கு மாற்றப்பட்டு, அதிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றப்பட்டது. தமக்குப் படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தின் அடியிலே அவர்கள் கையொப்பம் இட்டனர். பின்னர் மேல்முறையீட்டில் இதுவே பெருங்குறையாக எடுத்துக் காட்டப்பட்டது. நயினியப்பரின் மகன் குருவப்பப் பிள்ளை கடல் கடந்து பிரான்சு சென்று நீதி கேட்டார். தீர்ப்பு நீக்கப்பட்டது. குருவப்பர் அங்கே கிறித்தவராகிப் பிரெஞ்சு அரசரிடம் செவாலியே பட்டமும் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார், 1724-இல் மறைந்தார். ஈராண்டு கழித்துத் திருவேங்கடம் பிள்ளையும் மறைந்தார்.

மாமன் சிறைப்பட்டபோது அரங்கப் பிள்ளைக்கு அகவை ஏழு. தந்தையை இழந்தபோது பதினேழு. பிறர் மொழியில், பிறர் கையால், தம்மவர் வாழ்வு எழுதப்பட்டால் என்ன நேரும் என்பதை அக்குடும்பம் பட்டறிந்திருந்தது. பின்னாளில் அவர் தம் கையில் எழுதுகோலை எடுத்ததற்கு இதுவே காரணம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. ஆயினும் எளியேனுக்கு அவ்வாறே தோன்றுகின்றது.

1726-இல் கவர்னராய் வந்த லெனுவார், இளைஞராகிய அரங்கப் பிள்ளையிடம் நம்பிக்கை கொண்டு, பரங்கிப்பேட்டையில் கம்பெனியின் வாணிபத்தை அவர் பொறுப்பில் விட்டார். நெசவாளரிடம் துணி கொள்வது, சாயமேற்றுவிப்பது, அயல்நாட்டுச் சரக்கை விற்பது ஆகிய வேலைகளில் அவர் தேர்ந்தார். ஆர்க்காட்டிலும் லாலாப்பேட்டையிலும் அவருக்குச் சொந்தக் கிடங்குகள் ஏற்பட்டன. ஆனந்தப்புரவி என்ற பெயருடைய கப்பலும் அவருக்கு உரியதாயிருந்தது. தமிழோடு தெலுங்கும் போர்த்துக்கீசியமும் பிரெஞ்சும் பழகினார். செங்கற்பட்டைச் சேர்ந்த மங்கத்தாய் அம்மையாரை மணந்து இல்லறம் நடத்தினார்.

நிற்க. 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், நள வருடம் ஆவணித் திங்களில், அவர் நாட்குறிப்பு தொடங்குகின்றது. அதனைப் படிக்க எடுப்பவர் முதலில் ஏமாற்றமடைவர். செந்தமிழ் நடையன்று. பேச்சு வழக்கில் தெலுங்குச் சொல்லும், உருதுச் சொல்லும், போர்த்துக்கீசியச் சொல்லும் கலந்து ஓடும். கப்பல் வந்த நாழிகை, இறங்கிய சரக்கு, துணியின் விலை, கவர்னர் மாளிகையில் யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கியது, எந்த நவாபுக்கு என்ன வெகுமதி போயிற்று என்று கணக்குப்பிள்ளையின் கண்ணோடு எழுதப்பட்டது அது. பிறப்பு, பூப்பு, திருமணம், சாவு எதுவும் விடப்படவில்லை. ஊரார் பேசிக்கொண்ட வதந்தியும் உண்டு. வதந்தியென்று குறித்தே எழுதியிருப்பார். அச்சேற்றும் எண்ணம் இல்லாத எழுத்து ஆதலால், அதில் ஒப்பனையும் இல்லை.

தேதி எழுதும் முறையைப் பற்றித் தனியே கூற வேண்டும். தமிழ் வருடம், திங்கள், நாள், கிழமை ஆகியவற்றோடு ஐரோப்பியத் தேதியையும் அவர் இணைத்து எழுதினார். நம் வருடப் பெயர்கள் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவன. நள வருடம் என்று மட்டும் எழுதினால் அது 1736-ஆ, 1796-ஆ, 1856-ஆ என்பது விளங்காது. நம் வீடுகளிலே பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்பர். 1876-இல் தொடங்கிய கொடும்பஞ்சமே அது என்பதைப் பிற சான்றுகளோடு ஒப்பிட்டால்தான் துணிய முடியும். பழைய ஓலைகளிலும் கல்லறைகளிலும் வருடப் பெயரை மட்டும் கண்டு தடுமாறாத ஆராய்ச்சியாளர் இலர். இருவகைத் தேதியும் உடன் நிற்பதனாலேயே அரங்கப் பிள்ளையின் குறிப்பைப் பிரெஞ்சுக் கம்பெனியின் கடிதங்களோடும், சென்னை ஆங்கிலேயரின் பதிவுகளோடும் நாளுக்கு நாள் பொருத்திப் பார்க்க இயல்கின்றது.

அக்காலம் அமைதியான காலமன்று. 1740-இல் இரகோஜி போன்சலே தலைமையில் மராட்டியப் படை கருநாடகத்தில் இறங்கியது. தாமல்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலி வீழ்ந்தார். அவர் குடும்பத்தாரும் சந்தா சாகிபின் குடும்பத்தாரும் புதுவைக்குள் அடைக்கலம் புகுந்தனர். கவர்னர் துய்மா அவர்களைக் கொடுக்க மறுத்தார். மறு ஆண்டில் திருச்சிராப்பள்ளி வீழ்ந்தது. சந்தா சாகிபு சிறையாகச் சாத்தாராவுக்குக் கொண்டுவரப்பட்டு, 1748-இல் விடுதலை பெறும்வரை மராட்டியர் காவலில் இருந்தார். இதற்கு முந்திய ஆண்டாகிய 1739-இல்தான் சிமாஜி அப்பா போர்த்துக்கீசியரிடமிருந்து வசாய்க் கோட்டையைப் பிடித்தார். வசாய் வண்டியில் நாள்தோறும் தொங்கிச் செல்லும் நம் இளைஞர்கள், அந்தக் கோட்டையை வென்ற அரசின் படைதான் மறு ஆண்டு நம் தமிழ்நாட்டுக் குடிகளைப் பெட்டி படுக்கையோடு புதுவைக்கு ஓடச் செய்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

1742 ஜனவரியில் துய்ப்ளே கவர்னராக வந்தார். அப்போது தலைமைத் துபாஷாக இருந்தவர் கனகராய முதலியார் என்னும் கிறித்தவப் பெருந்தனவந்தர். அவர் 1746 பிப்ரவரியில் இறந்தார். மகனில்லை. சொத்து யாருக்கு என்று தம்பி ஒருபுறமும் மனைவி முதலியோர் மற்றொருபுறமுமாக வழக்கிட்டனர். யார் யாரிடம் என்ன பேசினர், எவர் எந்தப் பக்கம் நின்றனர், கவர்னர் எவ்வாறு தலையிட்டார் என்பதையெல்லாம் அரங்கப் பிள்ளை விடாது எழுதியுள்ளார். ஒரு குடும்பத்தின் உறவுமுறை, பாகப்பிரிவினை, பகை ஆகியவற்றை இத்துணை நெருக்கமாகக் காட்டும் தமிழ்ப் பதிவு அந்நூற்றாண்டில் வேறொன்று கிடைப்பது அரிது. இறந்தவர்மீது அரங்கப் பிள்ளைக்குப் பொறாமை இருந்தது என்பதும் அக்குறிப்புகளிலேயே தெரிகின்றது. அதையும் அவர் மறைக்கவில்லை.

முதலியாருக்குப் பின் அப்பதவி அரங்கப் பிள்ளையை வந்தடைந்தது. 1746 செப்டம்பரில் லா பூர்தொனேயின் கப்பற்படை சென்னையைப் பிடித்தது. சென்னையைத் திருப்பிக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று அவருக்கும் துய்ப்ளேக்கும் மூண்ட சச்சரவையும், அடுத்து அடையாற்றங்கரையில் நவாபின் பெரும்படையைச் சிறிய பிரெஞ்சுப்படை முறியடித்த செய்தியையும் அன்றன்றே அவர் பதிந்தார். வரலாற்று நூல்களில் இரண்டு பக்கத்தில் முடியும் நிகழ்ச்சிகள், அவர் புத்தகத்தில் வெற்றிலை மணத்தோடும் வியர்வையோடும் நடக்கின்றன. நவாபின் ஆட்கள் கடிதம் கொண்டு வருவர். அதைக் கேட்டுப் பொருள் கூற வேண்டியவர் இவர். விடையை எவ்வளவு பணிவோடு, எவ்வளவு மிடுக்கோடு எழுதுவதென்று துய்ப்ளேயுடன் கலந்து முடிவு செய்பவரும் இவர்.

பதவியோடு பெருமைகளும் வந்தன. பல்லக்கில் ஏறிக் கவர்னர் மாளிகை வளாகத்துக்குள் செல்லும் உரிமை கிடைத்தது. முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு உரிய மன்சப் பட்டம் வழங்கினார். தியாகராச தேசிகர் அவர்மீது ஆனந்தரங்கன் கோவை பாடினார். சீனிவாச கவி என்பார் வடமொழியில் ஒரு சம்பு காவியமே இயற்றினார். புகழ்மொழி கேட்பதில் பிள்ளையவர்களுக்குக் கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. சோதிடத்திலும் சகுனத்திலும் ஆழ்ந்த நம்பிக்கை உடையவர். தம் சாதகத்தில் கிரகங்கள் நிற்கும் நிலையையும் எழுதி வைத்தார். துய்ப்ளேயின் மனைவியாரோடு அவருக்கு ஓயாத பூசல். அம்மையாரின் தலையீட்டைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் எழுத்தில் புகை கிளம்பும்.

1748 ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் புதுவையை முற்றுகையிட்டார். அம்முற்றுகையினிடையே, செப்டம்பரில், வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. நெடுநாளாகக் குருமார் கேட்டு வந்தது போர்க்காலத்தில் நிறைவேறிற்று. அரங்கப் பிள்ளை அப்போது பிரெஞ்சு ஆட்சியில் தமிழருள் தலைவர். அவரால் தடுக்க இயலவில்லை. உடைந்த உள்ளத்தோடு நிகழ்ந்ததை வரிசையாக எழுதினார். பதவியில் இருந்தவர் கைகட்டி நின்றார் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. அக்குறையைக் கூறுவதற்கு வேண்டிய சான்றையும் அவரே எழுதி வைத்துப் போயிருக்கின்றார் என்பதை எண்ணும்போது, எளியேனுக்குக் குறை கூற நா எழவில்லை.

ஆனால் வேறொரு குறையை நான் சொல்லியே ஆக வேண்டும். தாராவியில் வாழும் நம்மவருள் பெரும்பாலோர் யாருடைய வழித்தோன்றல்கள்? தோல் பதனிடவும், பாரம் சுமக்கவும், தெருவைத் துப்புரவு செய்யவும் வந்தவர்களின் மக்கள். அந்த எளியோர் இந்தப் பெரும் நாட்குறிப்பில் எங்கே இருக்கின்றனர் என்று தேடிப் பார்த்தேன். இரண்டு இடங்கள் என் உறக்கத்தைக் கெடுத்தன.

ஒன்று 1743-ஆம் ஆண்டுச் செய்தி. மஸ்கரேன் தீவுகளுக்கு அடிமைகளை அனுப்பும் வாணிபம் அந்நாளில் நடந்தது. ஏழை மக்களை வஞ்சித்துப் பிடித்து, தலையை மழித்து, அரியாங்குப்பத்தில் அடைத்து வைத்து, இரவோடிரவாகக் கப்பலேற்றிய ஒரு கூட்டத்தாரின் செயல் வெளிப்பட்டது. கவர்னர் செவிக்கு எட்டி விசாரணை நடந்தது. அரங்கப் பிள்ளை அதை விரிவாகவே எழுதியுள்ளார். பிடித்தவர்களின் பெயரை நாம் அதில் படிக்கின்றோம். பிடிபட்டுக் கடல் கடந்தவர்களோ கூட்டமாகவே வருகின்றனர், கூட்டமாகவே மறைகின்றனர். மொரீசியசிலும் ரீயூனியனிலும் இன்று தம் முன்னோரைத் தேடும் குடும்பங்கள் பலவுண்டு. அவர்களுள் எவருடைய பாட்டன் அந்த அரியாங்குப்பத்து இருட்டறையில் கிடந்தானோ!

மற்றொன்று 1745 அக்டோபர். புதுவையில் சம்பா கோயில் என்று மக்கள் அழைத்த தூய பவுல் தேவாலயத்தினுள்ளே ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒருபுறம் சேரிக் கிறித்தவர். மறுபுறம் சாதிக் கிறித்தவரும் வெள்ளையரும். காரைக்காலிலிருந்து வந்திருந்த குரு ஒருவர் ஊக்கமளிக்க, சேரி மக்கள் திரண்டு பெரிய குருவிடம் சென்றனர். நாங்களும் உம் சீடர்களேயாயின், ஆண்டவன் வீட்டில் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்னும் பொருள்பட முறையிட்டனர். குரு இசைந்தார், சுவர் அகற்றப்பட்டது. சாதிக் கிறித்தவர் கொதித்தெழுந்து வாதாடினர், ஊர் இரண்டுபட்டது.

அரங்கப் பிள்ளை தம் காலத்துச் சாதிக் கண்ணோடுதான் இதனை எழுதினார்; சேரி மக்கள் பக்கம் அவர் மனம் சாயவில்லை. இருப்பினும் எழுதினார். இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன் தமிழகத்துச் சேரியிலிருந்து எழுந்து சென்று உரிமை கேட்ட ஒரு கூட்டம் இருந்ததென்பது, அவர்பால் பரிவில்லாத ஒருவர் கையால் நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. அம்மக்களுள் எழுதத் தெரிந்தவர் ஒருவர் இருந்து, அன்றிரவு தம் குடிசையில் விளக்கேற்றி நான்கு வரி எழுதி வைத்திருப்பாராயின் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கின்றது.

பிள்ளையவர்களின் பிற்காலம் துன்பம் நிறைந்தது. 1754-இல் துய்ப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். புதிதாய் வந்தவர்களின் ஆட்சியில் அவர் செல்வாக்குத் தேய்ந்தது. நோயும் வாட்டியது. 1756-இல் பதவி நீங்கினார். கம்பெனியிடமிருந்து வரவேண்டிய பணம் வரவில்லை; குத்தகைப் பாக்கிகள் நெருக்கின. 1758-இல் லாலி வந்தார். 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் பிரெஞ்சுப்படை தோற்றது. பின்னர் ஆங்கிலேயர் புதுவையைச் சூழ்ந்தனர். உணவு அருகியபோது, படைக்கு உதவாத நகர மக்களை லாலி வெளியேற்றினார். இரு படைகளுக்கும் நடுவே அவர்கள் பட்டினியில் அலைந்தனர். இத்துயரின் நடுவே, 1761 ஜனவரியில், ஐம்பத்தோராம் அகவையில் ஆனந்தரங்கர் உயிர் நீத்தார். ஜனவரி 16-ஆம் நாள் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று.

எழுதும் பழக்கம் அவரோடு மாளவில்லை. அவர் தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை தொடர்ந்து நாட்குறிப்பு எழுதினார். அவ்வழியில் பிறகும் எழுதினர். புதுவையில் இரண்டாம் வீரா நாயக்கர் என்பாரும் அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நாட்குறிப்பு எழுதினார். ஒருவர் தொடங்கிய பழக்கம் அவ்வூருக்கே மரபாயிற்று போலும்.

புத்தகங்கள் வீட்டிலேயே கிடந்தன. எண்பத்தைந்து ஆண்டுகள் அவற்றை உலகம் அறியவில்லை. 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் புதுவை அதிகாரி அவற்றைக் கண்டு படியெடுத்தார். எதுவார் அரியேல் என்ற பிரெஞ்சு அறிஞரும் படியெடுக்கச் செய்தார். அப்படி இன்று பாரிசு தேசிய நூலகத்தில் உள்ளது. 1894-இல் ஜூலியன் வேன்சோன் ஒரு பகுதியைப் பிரெஞ்சில் வெளியிட்டார். சென்னை அரசாங்கத்தார் படியெடுக்கச் செய்து, ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். பிரடெரிக் பிரைசு, அரங்காச்சாரியார், பின்னர்ச் சென்னை ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த டாட்வெல் ஆகியோர் அதில் உழைத்தனர். மூலப் புத்தகங்களுள் சில காணாமற்போயின. அவை காணாமற்போன பின்னும் அச்செய்திகள் நமக்குக் கிடைப்பது, யாரோ ஒரு எழுத்தர் அமர்ந்து வரிவரியாகப் பார்த்தெழுதியதனால்தான். அந்த எழுத்தர்களுக்கு எவரும் கோவை பாடவில்லை. குமாஸ்தா இனத்தைச் சேர்ந்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் அவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே செல்கிறேன்.

தமிழில் எழுதிய நூல், பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வந்தபிறகே தமிழில் அச்சேறியது. 1948 முதல் புதுவையில் ஞானு தியாகு முதலியோர் முயற்சியால் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. பிரபஞ்சன் அதனை ஆதாரமாகக் கொண்டு நாவல்கள் எழுதினார். அவற்றுள் வானம் வசப்படும் 1995-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. 2019-இல் மு. இராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் பதிப்பித்த பன்னிரண்டு தொகுதிகள் வெளிவந்தன. நண்பர் ஒருவர் ஊருக்குப் போய் வந்தபோது முதல் இரு தொகுதிகளைச் சுமந்து வந்தார். சயானில் ஏறி அலுவலகம் சேரும்வரை, நிற்க இடம் கிடைத்த நாட்களில் நான்கு நான்கு பக்கமாக எளியேன் படித்தேன்.

படித்ததன் விளைவாக ஒன்று செய்தேன். பெரிய கணக்குப் புத்தகம் ஒன்று வாங்கி, மழையில் கெட்ட எங்கள் குடும்பக் குறிப்பைத் திரும்பக் கட்டத் தொடங்கினேன். தந்தையாரின் பணிப்பதிவேட்டில் பிறந்த தேதியும் சொந்த ஊரும் கிடைத்தன. பள்ளிச் சேர்க்கைப் பதிவில் பாட்டனாரின் பெயரும் தொழிலும் இருந்தன. திருநெல்வேலிப் பக்கத்துச் சொந்த ஊரில் நிலவரிச் சிட்டாவின் நகல் ஒன்று அகப்பட்டது. நம் சங்கத்தின் பழைய சந்தாப் புத்தகத்தில் பாட்டனார் கட்டிய நாலணா வரவு வைக்கப்பட்டிருந்ததைக் கண்டபோது கண் கலங்கிற்று. சுடுகாட்டுப் பதிவேட்டில் அவர் மறைந்த நாள் கிட்டியது. ஆனால் அவர் தாராவிக்கு வந்த ஆண்டு மட்டும் எந்த ஏட்டிலும் இல்லை. தோல் கிடங்கில் நாட்கூலியாய்ச் சேர்ந்தவருக்கு யார் ஏடு எழுதினர்?

எண்பது கடந்த என் பெரிய அத்தையாரிடம் கேட்டேன். வருடம் தெரியாது தம்பி, அப்பா வந்து இறங்கிய போது துறைமுகத்துப் பக்கம் இன்னும் கரிந்து கிடந்ததாம், கப்பல் வெடித்து ஒரு மாதம் ஆகியிருந்ததாம் என்றார். விக்டோரியா கப்பல்துறையில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தது 1944 ஏப்ரல் 14-ஆம் நாள். ஆகவே என் புத்தகத்தின் முதல் பக்கத்தில், தாரண வருடம் வைகாசி, 1944 மே என்று இரண்டு கணக்கிலும் எழுதினேன். அதனடியில் அத்தையாரின் பெயரை எழுதி, அவர் சொல்லக் கேட்டது என்றும், கேட்ட நாளையும் குறித்தேன். அத்தையார் தம் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, அதன் பக்கத்தில் தம் தாயாரின் பெயரையும் எழுதச் சொன்னார். இதுவரை எந்தக் காகிதத்திலும் நான் கண்டிராத பெயர் அது. எழுதினேன்.